கண்டாவளைக்குப் போன வேலை

காலை ஒன்பது மணியானதும் இந்த வீட்டுச் சாப்பாட்டு மேசை கந்தோராகிவிடும். இடியப்பத் தட்டையும் சம்பல் கோப்பையையும் மகள் ஒரு பக்கம் ஒதுக்குவாள். மடிக்கணினியைத் திறந்து, காதுக் கருவியை மாட்டி, வேறொரு குரலில் ஆங்கிலம் பேசத் தொடங்குவாள். அந்த நேரம் முதல் நான் இருமக்கூடாது. குழாயைத் திறக்கக்கூடாது. தடித்த காலுறை போட்டுத்தான் நடக்க வேண்டும். கேத்தில் கொதிக்கிற சத்தம்கூட மற்றப் பக்கத்துக்குக் கேட்குமாம். எழுபத்தெட்டு வயதில், சொந்த மகளின் வீட்டில், கள்ளனைப் போல நடக்கப் பழகிவிட்டேன். சத்தமில்லாமல் செய்யக்கூடிய வேலை எனக்கு ஒன்றுதான் தெரியும். எண்ணுவது. கிளிநொச்சி நீர்ப்பாசனத் திணைக்களத்தில் லிகிதராக இருந்து குளத்து நீர்மட்டத்தை எழுதி எழுதிப் பிடித்த வியாதி இது. ஜன்னலடியில் இருந்து பார்த்தால் இந்தக் கனடாத் தெருவில் ஒன்பது வீடுகள் தெரியும். போன மாரியில், பனி கொட்டும் காலத்தில், பகல் வேளையில் இரண்டு வீட்டு வாசலில்தான் கார் நின்றது. இந்த மாரியில் ஆறு வீட்டில் நிற்கிறது.

எல்லாரும் வீட்டிலிருந்தே வேலை செய்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒருநாள் முன்வீட்டு மார்க் பனி தள்ளிக்கொண்டிருந்தார். வங்கி ஒன்றில் கணக்குப் பிரிவில் இருந்தவர். வேலை இந்தியாவுக்குப் போய்விட்டதாகச் சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் அவசரமாக மன்னிப்புக் கேட்டார். நான் இந்தியன் இல்லை, வடக்கு ஆள் என்றேன். அவர் கனடாவின் வடக்கென்று எடுத்துக்கொண்டார் போலும். “அங்கே இதைவிடக் குளிராக இருக்குமே!” என்று இரங்கினார். எங்கள் ஊர்க் கண்டாவளை வெயிலை அவருக்கு விளங்கப்படுத்த நான் நிற்கவில்லை. உள்ளே வந்து மகளிடம் சொன்னேன். அவள் தேநீரைக் கலக்கிக்கொண்டே, “மார்க் மட்டுமில்லை அப்பா, நானும்தான்” என்றாள். அப்படித்தான் எனக்குத் தெரியவந்தது.

மகள் வதனி பதினாறு வருடமாக ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வேலை செய்கிறாள். குழாய் வெடித்து, கூரை ஒழுகி, பேஸ்மென்றுக்குள் தண்ணீர் ஏறி அழுதுகொண்டு தொலைபேசி எடுப்பவர்களின் முறைப்பாட்டைக் கேட்டுப் பதிந்து, இழப்பீடு கிடைக்கும்வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது அவள் வேலை. பேஸ்மென்ற் என்பது இங்கே வீட்டுக்கு அடியில் நிலத்தைத் தோண்டிக் கட்டியிருக்கும் அறை. நான் படுப்பதும் அதற்குள்தான். அவளுடைய பிரிவு முழுவதையும் கடல்கடந்து அனுப்பப் போகிறார்களாம். அதைவிடப் பெரிய புதினம், அந்த வேலையை எடுக்கப்போகிறவர்களுக்கு இவளே அதைப் படிப்பித்துக் கொடுக்க வேண்டும் என்பது. படிப்பித்து முடிந்து, அவர்கள் தேறினால்தான் இவளுக்குரிய விலகல் கொடுப்பனவு முழுதாக வரும். நொலிட்ஜ் ட்ரான்ஸ்பர் என்று அதற்கு ஒரு அழகான பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் என் மகளுக்குச் சிரிப்பு வரும். நல்ல சிரிப்பு அல்ல.

அவளுக்கு ஒதுக்கிய பிள்ளையின் பெயர் நிஷா. இடம் கொழும்பு என்று சொல்லியிருந்தார்கள். இரண்டு பக்கமும் கமரா கிடையாது, குரல் மட்டும்தான். இவள் பெயரும் அங்கே வி. நாதன் என்றுதான் தெரியும். இங்கே காலை என்றால் அங்கே பொழுதுபட்டு விளக்கு வைத்தாகிவிடும். வதனி புத்தகத்தில் உள்ளதை வேகமாக வாசித்துக்கொண்டு போவாள். விளங்கினதா என்று கேட்பாள். அந்தப் பக்கத்திலிருந்து “யெஸ் மாம்” என்று வரும். இன்னும் வேகமாக வாசிப்பாள். “யெஸ் மாம்.” குசினி அடுப்படியில் இருந்து கேட்கிற எனக்கே அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று தெரிந்தது. வதனிக்குத் தெரியாமலா இருக்கும்? தெரியும். பதினாறு வருடத்தில் புத்தகத்துக்கு வெளியே கற்றது எவ்வளவு இருக்கும்! அதில் ஒன்றைக்கூட அவள் வாய் திறந்து சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. படிப்பித்தல் எவ்வளவு இழுபடுகிறதோ அவ்வளவுக்குச் சம்பளம் வரும், வீட்டுக்கடன் இருக்கிறது. பாண் சுடுகிற தொழிற்சாலையில் இரவு வேலை செய்யும் மருமகன் சிறீயின் சம்பளம் தனியே காணாது. பல்கலைக்கழகத்தில் பேரன் இருக்கிறான்.

ஒரு காலை வாசல் மணி அடித்தது. ஏதோ பொதி. வதனி காதுக் கருவியைக் கழற்றி வைத்துவிட்டுப் போனாள். கழற்றும்போது எங்கேயோ கை பட்டிருக்க வேண்டும், குரல் வெளியே கேட்கத் தொடங்கியது. மேசையில் இருந்த இயந்திரத்துக்குள் இருந்து எங்கள் ஊர்த் தமிழ் வந்தது.

“ஐயோ, ஒண்டும் விளங்கேல்லையடி. மனிசி கடுகதி ரெயின் மாதிரிப் போறா. நிப்பாட்டிக் கேட்டால் பேசுவாவோ எண்டு பயமாக் கிடக்கு.”

பக்கத்தில் இருந்த யாரோ சிரிப்பது கேட்டது. “நீ யெஸ் மாம் எண்டு சொல்லிச் சொல்லியே வேலையை நிரந்தரமாக்கிப் போடுவாயடி!”

சும்மா இருந்திருக்கலாம். இந்த நாட்டில் பிறந்தவன் யாரும் சும்மாதான் இருந்திருப்பான். எனக்கு முடியவில்லை. புது ஆள் ஒருவரின் தமிழைக் கேட்டால் எங்களுக்கு வாயில் முதலில் வருவது ஒன்றே ஒன்றுதானே. மேசைக்குக் கிட்டப் போய்க் குனிந்தேன்.

“பிள்ளை, நீங்கள் எந்த இடம்?”

கொழும்பு என்று சொல்லும்படிதான் அவளைப் பழக்கியிருந்தார்கள். ஆனால் தமிழில் ஒரு கிழவன் கேட்டால் பழக்கினது எங்கே நிற்கும்?

“கண்டாவளை, தாத்தா.”

“கண்டாவளையோ! ஆரின்ரை பிள்ளை?”

“கூப்பன்கடைச் செல்லையா எங்கட அம்மப்பா. நீங்கள் ஆர் தாத்தா? மாம் எங்கை?”

“உன்ரை மாம் என்ரை மகள். கதவடிக்குப் போயிட்டா, வருவா.”

“அப்ப அவா தமிழ் அக்காவோ? கடவுளே!” அவள் குரல் சிரிப்பும் பயமுமாக இருந்தது. கிளிநொச்சியில் அழைப்பு மையம், பின்னேரம் வான் வண்டி வந்து ஏற்றும், ஆறு மாதம் முடிந்தால்தான் நிரந்தரம் என்று மளமளவென்று சொன்னாள். “இது சரிவராட்டில் ஆடைத் தொழிற்சாலைதான் தாத்தா. அம்மா தனிய. அக்காட்டை சொல்லாதேங்கோ, ஒண்டு கேக்கட்டே? இந்த பேஸ்மென்ற் பேஸ்மென்ற் எண்டு சொல்லுறா, அது என்ன?”

“வீட்டுக்குக் கீழை இருக்கிற அறை பிள்ளை. எங்கட பங்கர் மாதிரி எண்டு வையன். நான் இருக்கிறதே அதுக்குள்ளைதான்.”

“ஐயோ தாத்தா! கனடா போயும் பங்கருக்குள்ளையோ?”

நான் வாய்விட்டுச் சிரித்தபோது வதனி பொதியோடு பின்னால் நின்றாள். முகத்தின் நிறம் மாறிப்போயிருந்தது. ஒரு பொத்தானை அழுத்திச் சத்தத்தை நிறுத்தினாள்.

“என்னப்பா செய்துபோட்டியள்? இது முழுக்கப் பதிவாகுது.”

நான் கீழே என் அறைக்குப் போய்க் கூரையின் பலகைகளை எண்ணினேன். எண்ணிக்கை ஒவ்வொரு முறையும் மாறி மாறி வந்தது. கூப்பனுக்கு அரிசி நிறுத்துத் தந்த செல்லையாவின் முகம் இடையில் வந்து குழப்பியது. என் தகப்பன் வடமராட்சியில் பங்குக்கும் காணாத துண்டு நிலத்தை விட்டு, குடியேற்றத் திட்டத்தில் மூன்று ஏக்கர் கிடைத்ததென்று கண்டாவளைக்கு வந்தவர். செல்லையாவும் அப்படித்தான். வந்த புதிதில் பழைய ஊரவர்கள் எங்களைப் பார்த்து, காணியும் தண்ணியும் பிடிக்க வந்த கூட்டம் என்றார்கள். அதை நான் சிறுவனாக இருந்து கேட்டிருக்கிறேன். எங்கள் வயலுக்கு அடுத்தது செல்லையாவின் வயல். மழையில்லாத சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். எங்கள் வாய்க்காலில் ஒரு வழக்கம் இருந்தது. என் முறை முடிந்தால் என் மடையைக் கட்டிவிட்டு நான் வீட்டுக்குப் போய்விட முடியாது. அடுத்தவன் மடையை நானே வெட்டிவிட்டு, தண்ணீர் அவன் வரம்பைத் தொடும்வரை நிற்க வேண்டும். என் பயிர் வாடிக் கிடந்தாலும் நிற்க வேண்டும். செல்லையா அப்போது ஒரு சுருட்டை நீட்டுவார். கதை பெரிதாக இராது.

இரண்டு நாள் கழித்து மின்னஞ்சல் வந்தது. அனுப்பியவர் வதனியின் மேலாளர் பிறென்டா. நல்ல மனுசி, வதனியின் பிறந்தநாளுக்குக் கேக் கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறார். எந்தப் பாஷையில் கதைத்தாலும் ஆங்கிலத்தில் எழுதிவிடுகிற ஒரு இயந்திரம் அவர்களிடம் இருக்கிறது. அது எங்கள் கதையை எழுதி அவரிடம் கொடுத்திருக்கிறது. அதன்படி, பயிற்சி பெறும் நிஷா என்னைப் பாட்டன் என்று அழைக்கிறாள், வதனியை மூத்த சகோதரி என்கிறாள். ஆகவே நிறுவனம் கேட்கிறது: நீங்கள் இருவரும் உறவினரா? உறவென்றால் அந்தப் பிள்ளையை விலக்கிவிட்டு வேறொருவரோடு பயிற்சியை முதலிலிருந்து தொடங்க வேண்டும். அது முடியும்வரை வதனி வேலையில் தொடர வேண்டியிருக்கும்.

கடைசி வரியை மருமகன் சிறீ எழுந்து நின்றே வாசித்தார். இரவு வேலைக்குப் போக மேலங்கியைப் போட்டுக்கொண்டிருந்தவர் அதைக் கழற்றிக் கதிரையில் வைத்தார்.

“நீ பொய் சொல்லத் தேவையில்லை வதனி. பதில் போடாமல் இரு, காணும். அவையளாவே உறவெண்டு முடிவெடுப்பினம். மாரி முடியுமட்டும் உனக்குச் சம்பளம்.”

“அந்தப் பிள்ளை?”

“அந்தப் பிள்ளையை நீயோ நிப்பாட்டினது? மாமாவெல்லோ கதை குடுத்தவர்.”

அவர் என்னைக் குத்திக் காட்டவில்லை. கணக்கைத்தான் சொன்னார். அந்தக் கணக்கில் பிழை கண்டுபிடிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். எங்கள் பிள்ளை வேலையில் இருந்தால் செல்லையாவின் பேத்தி ஆடைத் தொழிற்சாலைக்கு. அவள் இருந்தால் இவள் வெளியே. இரண்டு பக்கமும் சரிவர ஒரு வழியும் இல்லை. பேஸ்மென்றிலிருந்து மேலே, மேலேயிருந்து ஜன்னலுக்கு, ஜன்னலிலிருந்து குசினிக்கு என்று அலைந்தேன். எதிர்வீட்டு மார்க் தன் காரை வெளியே எடுத்து, தெருமுனைவரை போய், திரும்பக் கொண்டுவந்து விட்டார். எங்கே போவதென்று அவருக்கும் தெரியவில்லை போலும்.

அடுத்தநாள் வதனி கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது வாய்க்கால் வழக்கத்தை எடுத்தேன். அவள் முடிக்கவிடவில்லை.

“அப்பா, வாய்க்கால்ல தண்ணி அடுத்த முறைக்குத் திரும்பி வரும். இது திரும்பி வாறதில்லை. எனக்கு நாப்பத்தி மூண்டு வயது. ஆர் இனி என்னை எடுக்கப் போறான்? உங்கட செல்லையா வீட்டு வரம்பிலை நான் எவ்வளவு நேரம் நிக்கிறது?”

உவமானம் சொல்லத் தெரிந்தவனுக்கு அது உடைகிற இடமும் தெரிந்திருக்க வேண்டும். குளத்தில் மதகைத் திறக்கிறவனை எங்களுக்குத் தெரியும். கூட்டத்தில் எழும்பி நின்று அவனோடு சண்டை பிடிக்கலாம். இந்த மதகைத் திறந்தவன் யார், எந்த மாடியில் இருக்கிறான் என்று வதனிக்கும் தெரியாது, பிறென்டாவுக்கும் தெரியாது. பிறகு கேள்விப்பட்டேன், பிறென்டாவின் நாற்காலியும் அடுத்த வருடம் இராதாம்.

வதனி பதில் எழுதவில்லை. நாட்கள் போயின. படிப்பித்தலும் நடந்தது, முன்னைவிடக் குளிராக. நிஷாவும் முன்னைவிடச் சின்னக் குரலில் “யெஸ் மாம்” சொன்னாள். அவளுக்கும் விசாரணைக் கடிதம் போயிருக்க வேண்டும். கடைசியில் பிறென்டாவே நேரில் கேட்கிறேன் என்று ஒரு காலையில் இணைப்புக்கு வந்தார். வந்தவர், முதலில் பிள்ளையை ஒருமுறை சோதித்துப் பார்ப்போம், வாடிக்கையாளராக நான் கதைக்கிறேன் என்றார். வதனி கேட்டுக்கொண்டிருக்க வேண்டும், வாய் திறக்கக்கூடாது. அவள் காதுக் கருவியைக் கழற்றிவிட்டுச் சத்தத்தை வெளியே விட்டாள். ஏன் அப்படிச் செய்தாளோ தெரியாது. நானும் கேட்கட்டும் என்று நினைத்திருக்கலாம்.

பிறென்டா நடிப்பில் கெட்டிக்காரி. அழுவார் போல் தொடங்கினார். இரவு முழுக்க மழை, பேஸ்மென்ற் நிரம்பிவிட்டது, என்ன செய்வதென்று தெரியவில்லை. இந்த இடத்தில் முதலில் கேட்க வேண்டியது காப்புறுதி இலக்கம். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. மற்றப் பக்கத்தில் நிஷா அதைக் கேட்காமல், இவ்வளவு நாளும் நாங்கள் கேட்டிராத ஒரு குரலில், ஆங்கிலத்தை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துக் கேட்டாள்.

“மேடம், உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள்? எல்லாரும் வெளியே வந்துவிட்டார்களா?”

குசினியில் என் கையிலிருந்த கரண்டியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தேன். வதனி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பதின்மூன்று வயதில் நாட்டைவிட்டு வந்த பிள்ளை அவள். குண்டு விழ ஓடி இறங்கிய பள்ளிக்கூடத்து மாமரத்தடிப் பங்கருக்குள் மழைத்தண்ணீர் முழங்காலுக்கு வர நின்றதை அவள் இங்கே ஒருவருக்கும் சொன்னதில்லை, தன் மகனுக்குக்கூட.

பிறென்டா நடிப்பை மறந்துவிட்டார். இத்தனை வருடத்தில் இலக்கத்துக்கு முன்னால் ஆட்களைக் கேட்ட ஒருவரை இன்றுதான் காண்கிறேன் என்றார். இந்த அன்பு பயிற்சியில் வராது, யார் சொல்லித் தந்தது என்று கேட்டார். “என்னுடைய மாம்தான்” என்றாள் நிஷா. வதனி அப்படி எதையும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை என்பது எங்கள் வீட்டில் இருந்த இரண்டு பேருக்கும் தெரியும்.

பிள்ளையை இணைப்பிலிருந்து அனுப்பிவிட்டு பிறென்டா கேட்க வந்ததைக் கேட்டார். உறவா?

“இல்லை” என்றாள் வதனி. கேட்ட சத்தம் அடங்கமுதலே சொன்னாள்.

“ஆனால் சகோதரி என்கிறாளே?”

“பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாத ஆளை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.”

“எல்லாரையுமா? எவ்வளவு அழகு! அப்படியென்றால் உங்களுக்கு எத்தனையோ ஆயிரம் தங்கைகள் இருப்பார்களே!” என்று பிறென்டா சிரித்தார். வதனி சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்போடு விசாரணை முடிந்தது. மாரி முடியும்வரை வரவிருந்த சம்பளமும் அதோடு முடிந்தது.

மடிக்கணினியை மூடிவிட்டு அவள் மேசையைப் பார்த்தபடி இருந்தாள். பிறகு கேட்டாள். “அப்பா, அவளுக்கு அப்ப எத்தினை வயதிருக்கும்?” கடைசிச் சண்டையில் முள்ளிவாய்க்கால்வரை போய் வந்த குடும்பங்களில் செல்லையாவின் குடும்பமும் ஒன்று. நான் மனதுக்குள் கழித்துப் பார்த்தேன். விடை வந்தது. எல்லாவற்றையும் எண்ணிச் சொல்கிற நான் அதை மட்டும் சொல்லவில்லை. “அவளிலை எனக்குக் கோவம் இல்லையெண்டு நினைக்காதேங்கோ” என்றாள் எழும்பும்போது. “கேட்டதுக்கு உண்மையைச் சொன்னனான். அவ்வளவுதான்.”

அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் கமராவைப் போட்டுக்கொண்டார்கள். முதல் தடவையாக அந்தப் பிள்ளையின் முகத்தைக் கண்டேன். மெலிந்த முகம், நெற்றியில் திருநீறு, செல்லையாவின் அதே அகன்ற காதுகள். வதனி புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சொல்லிக்கொடுத்தாள். கத்துகிறவன் எப்போது பயத்தில் கத்துகிறான், எப்போது ஏமாற்றக் கத்துகிறான். தனியே இருக்கும் வயோதிபர்கள் ஏன் தொலைபேசியை வைக்கவிடமாட்டார்கள். பனிக்காலத்தில் குழாய் ஏன் வெடிக்கிறது. நிஷாவும் இப்போது இடைமறித்துக் கேட்டாள். தண்ணீர் உறைந்தால் ஏன் விரிகிறது என்று அவள் கேட்க, உறைபெட்டிக்குள் மறந்துவிட்ட சோடாப் போத்தல் வெடித்துக் கண்டதில்லையா என்று இவள் ஏசினாள். ஆங்கிலத்தில்தான், பதிவாகிறதே. ஆனால் கேட்பவருக்குத் தெரியும், அது தங்கையை ஏசுகிற குரல்.

வேலை போய்விட்டது. வதனி இப்போது ஒரு மருந்துக்கடையில் கிழமைக்கு மூன்று நாள் காசாளர். பேஸ்மென்றை வாடகைக்கு விட்டோம். மேலே பேரனின் அறையில் எனக்கு ஒரு கட்டில். பேரன் விடுமுறையில் வந்தால் முன்னறையில் பாய் விரித்துப் படுக்கிறான். சிறீ ஒரு சொல்லும் குறையாகச் சொல்லவில்லை. ஞாயிறு வேலையும் எடுத்துக்கொண்டார். தமிழ்க் கடைகளில் சிநேகிதர்கள் என்னை மறித்து, “உங்கட மகளின்ரை வேலையை எந்த நாட்டுக்காரன் கொண்டு போனவன்?” என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது என்கிறேன்.

போன மாதம் இங்கே எங்கள் ஊரவர்கள் நடத்தும் ஒன்றியத்தின் வருடாந்தக் கூட்டம். வதனி வரமாட்டேன் என்றவள், என்னைப் பனியில் தனியே விட மனமில்லாமல் வந்தாள். பள்ளிக்கூட மண்டபம், வரிசைக்குப் பதினான்கு கதிரை, பன்னிரண்டு வரிசை, ஏறக்குறைய நிறைந்திருந்தது. செயலாளர் திரையில் படங்களைக் காட்டினார். ஊரில் திருத்திய வாசிகசாலை, புதுக் கிணறு, பிறகு பளிச்சென்ற ஒரு அறை, காதுக் கருவியோடு வரிசையாக இளம் பிள்ளைகள்.

“கிளிநொச்சியிலை எங்கட பிள்ளையளுக்குக் கிடைச்சிருக்கிற வேலை இது” என்றார் செயலாளர். குரல் தழுதழுத்தது, உண்மையாகவே. “இனி அவையள் கடல் தாண்டி வந்து எங்களைப்போலக் குளிருக்குள்ளை சாகத் தேவையில்லை. வெளிநாட்டு வேலை அவையளைத் தேடி அங்கை போகுது.”

மண்டபம் அதிர்ந்தது. எனக்கு முன்னால் இருந்தவர் எழுந்து நின்று தட்டினார். அவருடைய மகனுக்கும் வேலை போய் இரண்டு மாதம் என்று எனக்குத் தெரியும்.

வதனி என் பக்கம் சாய்ந்தாள். “படத்திலை ரெண்டாம் வரிசை அப்பா. இடப்பக்கத்திலையிருந்து மூண்டாவது. நிரந்தரமாக்கிப் போட்டினம் போலை, கழுத்திலை அட்டை போட்டிருக்கிறாள்.”

நான் பார்த்தேன். காதுகளை வைத்தே கண்டுபிடித்தேன். கைதட்டல் மெல்ல அடங்கி, ஆட்கள் உட்கார்ந்து, செயலாளர் அடுத்த படத்துக்குப் போகக் கையைத் தூக்கினார். அப்போதுதான் வதனி தட்டத் தொடங்கினாள். மண்டபம் முழுவதும் திரும்பிப் பார்க்க, மடியிலிருந்த மேலங்கி நழுவிக் கீழே விழ, அவள் ஒருத்தி மட்டும் தட்டிக்கொண்டிருந்தாள். அவளோடு சேர்ந்து தட்டவேண்டுமென்று எனக்குத் தோன்றியது. அவள் கைகளைப் பிடித்து நிறுத்தவேண்டும் என்றும் தோன்றியது. என் கைகள் இரண்டும் முழங்காலில் கிடந்தன, ஒன்றும் எழவில்லை.